சூரியன் பச்சையாக மாறவில்லை, உறவுகளே



2024 மே மாதம் சூரியப் புயல் வந்த நேரம் ஞாபகம் இருக்கும். “இன்று இரவு போனை அணைத்து விடுங்கள், தலைமாட்டில் வைக்க வேண்டாம்” என்று ஒரு வொய்ஸ். கூடவே நீலப்பச்சை நிறத்தில் சூரியனின் படம். வெட்கத்தோடுதான் சொல்கிறோம், அதை போர்வேர்ட் பண்ணியவர்களில் ஆசிரியர்களாகிய எங்களில் சிலரும் இருந்தோம்.

படம் பொய்யில்லை. நாசாவின் எஸ்.டி.ஓ. செய்மதி 2010 முதல் சூரியனைப் பத்து அலைநீளங்களில் படமெடுத்து வருகிறது. பெரும்பாலானவை கழியூதாக் கதிர்கள். அவற்றுக்கு எங்கள் கண்ணில் நிறமே கிடையாது. எது எந்த அலைநீளம் என்று அடையாளம் தெரிய விஞ்ஞானிகள் பூசிய சாயம்தான் அந்த நிறம். 13.1 நனோமீற்றருக்கு நீலப்பச்சை, 17.1க்குப் பொன்னிறம், 30.4க்குச் சிவப்பு.

ஏன் இத்தனை என்றால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டைக் காட்டும். 30.4இல் தெரிவது சுமார் 50,000 பாகை வாயு. 17.1இல் 6 இலட்சம் பாகை. சுவாலை வெடிக்கும்போது ஒரு கோடி பாகையளவில் கொதிக்கும் வாயு 13.1இல்தான் பளிச்சென்று தெரியும். சாதாரண வெளிச்சத்தில் பெரும்பாலான சுவாலைகள் தெரியாது. சூரியனின் பிரகாசமே அவற்றை மூடிவிடும். 1859 செப்டெம்பர் 1ஆம் திகதி கரிங்டன் என்ற ஆங்கிலேயர் தொலைகாட்டியில் வெண்ணொளியிலேயே ஒன்றைக் கண்டார். அவ்வளவு பெரிய சுவாலை அது.

சுவாலையின் எக்ஸ் கதிரும் கடும் கழியூதாவும் மேல் வளிமண்டலத்திலேயே தடுபட்டு விடும். அதனால்தான் படமெடுக்கச் செய்மதி தேவை. தலைமாட்டுப் போனுக்கு ஒன்றும் ஆகாது. பாதிக்கப்படுவது பகல் பக்கத்தில் சிற்றலை ரேடியோ. பல நாள் படகில் ஆழ்கடலுக்குப் போகும் எங்கள் மீனவர்கள் கரையோடு பேசுவது அதில்தான். அவர்களைப் பற்றி அந்த வொய்ஸில் ஒரு சொல் இருக்கவில்லை!

குறை எங்களிடமும் இருக்கிறது. சாதாரண தர விஞ்ஞானத்தில் மின்காந்த அலைகளை வரிசையாகப் பாடமாக்க வைக்கிறோம். பிள்ளையும் எழுதி ஏ எடுக்கிறது. பிறகு அதே பிள்ளை பச்சைச் சூரியனைக் கண்டு பயப்படுகிறது. வரிசையை ஒரு பாடவேளை தள்ளி வைத்தாலும் பரவாயில்லை, ஒரே சுவாலையின் மூன்று படங்களை முதலில் காட்டுவோம். ஏன் மூன்றும் ஒன்றுபோல இல்லை என்று பிள்ளைகளே கேட்கட்டும்.

படங்கள் நாசாவின் தளத்தில் இலவசம். தேவையான ஆசிரியர்கள் இன்பொக்ஸ் வாருங்கள், அனுப்பி வைக்கிறோம்.