மண் தடத்தில் விழுந்தால் பில் யாருக்கு?

உங்கள் பைக் இன்ஷூரன்ஸ் பாலிசியின் பி.டி.எஃப். போனில் எங்கேயாவது கிடக்கும். திறந்து பாருங்க. வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தினால் பாலிசி செல்லாது என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். ஏற்பாடு செய்யப்பட்ட ரேஸ், வேகச் சோதனை, ரிலையபிலிட்டி டிரையல் எல்லாம் அதில் வரும். அப்படியே ஹெல்த் பாலிசியையும் திறந்தால் 'விலக்கு 09' என்ற எண்ணில் இன்னொரு வரி. ஆபத்தான சாகச விளையாட்டுகளில் 'தொழில்முறையாக'ப் பங்கேற்று அடிபட்டால் சிகிச்சைச் செலவு கிடைக்காது. மலையேற்றம், குதிரைப் பந்தயம், ஸ்கூபா டைவிங் வரிசையில் மோட்டார் ரேஸும் அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஏதோ ஒரு கம்பெனி தன் இஷ்டத்துக்கு எழுதிய வரி அல்ல இது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லா கம்பெனிகளுக்கும் பொதுவாக வகுத்துக் கொடுத்த வாசகம்.

வீட்டுக்கும் ஆபீஸுக்கும் வண்டி ஓட்டுகிறவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் ஊர் ஊராகப் போய் மண் தடத்தில் பைக் ஓட்டுகிற பையனுக்கும், அவன் பின்னாலேயே ஸ்பேனர் பெட்டியோடு போகிற மெக்கானிக்குக்கும் இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் வாழ்க்கை.

பிள்ளைப்பாக்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. பிள்ளைப்பாக்கம் சிப்காட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தாலே புரியும். ஒரகடத்தில் 2013-லும் வல்லம் வடகாலில் 2017-லும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் வந்தன. ஒரகடத்தில் அப்போலோ டயர்ஸ். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலேயே சியட் டயர் ஆலை. கொஞ்சம் சென்னைப் பக்கமாக வந்தால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கிலோமீட்டர் ரேஸ் டிராக். 1953-ல் தொடங்கிய கிளப் அது. சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுபாதையில் ரேஸ் நடத்திக்கொண்டிருந்தவர்கள், பிறகு இங்கே சொந்தமாகத் தடம் போட்டார்கள்.

ஆக, வண்டி செய்வதும் டயர் செய்வதும் ரேஸ் விடுவதும் ஒரே வட்டாரத்தில். ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்து ஷிப்ட் பஸ்ஸில் ஏறுகிற பையன்களுக்கு ரேஸ் சத்தம் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுக்கிற சத்தம் மட்டும் அல்ல. இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்த கை, மாதாமாதம் கையில் கொஞ்சம் காசு, 22 வயது. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும்?

தார்த் தடத்தில் நுழைய நிறைய பணம் வேண்டும். மண் தடத்துக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. வெளிநாட்டில் செய்த அசல் மோட்டோகிராஸ் பைக் பல லட்ச ரூபாய் போகும். அதைச் சாலையில் பதிவு செய்யவும் முடியாது. 2019-ல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 சுமார் ஒரு லட்ச ரூபாய்க்கு வந்தது. வாரநாளில் வேலைக்குப் போகவும், வார இறுதியில் மண்ணில் புரட்டவும் ஒரே வண்டி போதும் என்றானது. கதவு திறந்தது அப்படித்தான்.

தடமே ஊர் மாறும் விளையாட்டு

கிரிக்கெட்டில் டீம்தான் ஊர் மாறும், மைதானம் அங்கேயே இருக்கும். சூப்பர்கிராஸில் மைதானமே மாறுகிறது. 2024-ல் நடந்த சியட் இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீகின் முதல் சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 28 புனே, பிப்ரவரி 11 அகமதாபாத், பிப்ரவரி 25 பெங்களூரு. சரியாக இரண்டு வாரத்துக்கு ஒரு ஊர். ஒவ்வொரு ஊரிலும் லாரி லாரியாக மண் வந்து இறங்கும். ஜே.சி.பி. வைத்து மேடும் பள்ளமும் தாண்டுகளமும் செதுக்குவார்கள். தண்ணீர் லாரி வந்து நனைக்கும். ஈரம் குறைந்தால் புழுதி, கூடினால் சேறு. இந்தப் பக்குவம் பார்க்கத் தெரிந்த ஆளுக்குத் தனி மரியாதை. ரேஸ் முடிந்ததும் அதே மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த வாரம் அங்கே கல்யாண வரவேற்போ அரசியல் கூட்டமோ நடந்தாலும் ஆச்சரியமில்லை.

இந்த லீகில் ரைடர்களை ஏலம் எடுக்கிறார்கள், வெளிநாட்டு வீரர்கள் வருகிறார்கள், டிவி வெளிச்சம் இருக்கிறது. அதற்கு முன்பிருந்தே ஆண்டுக்கணக்கில் ஓடிவருவது தேசிய சூப்பர்கிராஸ் சாம்பியன்ஷிப். கோவை, நாசிக், புனே, பெங்களூரு, கொச்சி என்று ஊர் சுற்றும். அதில் 'பிரைவேட் எக்ஸ்பர்ட்' என்றே ஒரு பிரிவு உண்டு. எந்தக் கம்பெனியின் ஆதரவும் இல்லாமல் கைக்காசில் ஓட்டுகிறவர்களின் பிரிவு. நம்ம பையன்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

பிள்ளைப்பாக்கத்தில் ஷிப்ட் பார்க்கிற ஒருவர் புனே ரவுண்டுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். சுமார் 1,200 கிலோமீட்டர். வண்டியை எப்படிக் கொண்டுபோவது? பதிவெண் உள்ள வண்டி என்றால் ரயில் பார்சல். டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல் வடித்து, சாக்கு சுற்றித் தைத்து, ஆர்.சி. நகலோடு புக் செய்ய வேண்டும். அதே ரயிலில் வண்டி வருமா என்பது கடவுளுக்கே வெளிச்சம். இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டி யானை பிடிக்க வேண்டும். பின்னால் நாலு வண்டி, டயர், டூல்ஸ், ஜாக்கி, ஒரு அடுப்பு. அந்தச் சின்ன லோடு வண்டி 1,200 கிலோமீட்டர் போய்ச் சேருவதற்கு ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். ஓட்டுகிறவர்களும் தூங்குகிறவர்களும் முறை மாற்றிக்கொள்வார்கள். மறுநாள் மண்ணில் உயிரைப் பணயம் வைக்கப்போகிறவர், முந்தின இரவு ஹைவேயில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்கிறார். இந்த விளையாட்டின் மிக ஆபத்தான பகுதி எது என்று கேட்டால், என் ஓட்டு இந்த ராத்திரிப் பயணத்துக்குத்தான்.

போய்ச் சேர்ந்ததும் ஸ்க்ரூட்டினி. ஹெட்லைட், இண்டிகேட்டர், கண்ணாடி, சைடு ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். ஆக்சிலேட்டரைத் திருப்பி விட்டால் தானாகத் திரும்ப வேண்டும். கில் ஸ்விட்ச் வேலை செய்ய வேண்டும். ஹெல்மெட், கழுத்துக் காப்பு, மார்புக் காப்பு, முழங்கால் காப்பு, பூட்ஸ் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அதன் பிறகு ஒரு தாளில் கையெழுத்து: இது ஆபத்தான விளையாட்டு, என் சொந்தப் பொறுப்பில்தான் இறங்குகிறேன் என்று. 18 வயதுக்குக் கீழே என்றால் அப்பாவோ அம்மாவோ போட வேண்டும். எல்லாரும் படிக்காமலேயே போடுகிற கையெழுத்து அது.

மெக்கானிக்கின் கதை இன்னும் சுவாரசியம். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் வண்டி வண்டியாக இருக்காது, ஒரு மண் குவியலாக வரும். முதலில் பிரஷர் தண்ணீர். பிறகு ஏர் ஃபில்டர் ஃபோமைக் கழற்றிக் கழுவி, காயவைத்து, எண்ணெயில் முக்கிப் பிழிந்து மாட்ட வேண்டும். இதில் சோம்பேறித்தனம் பார்த்தால் மண் நேராக சிலிண்டருக்குள் போகும். செயின் தளர்ந்திருக்கும், ஃபோர்க் சீலில் எண்ணெய் கசியும், கிளட்ச் பிளேட் கருகியிருக்கும். டயர் காற்றை சாலையில் வைப்பதைவிட வெகுவாகக் குறைத்து, 12-லிருந்து 15 பி.எஸ்.ஐ. வரை இறக்கி வைப்பார்கள். மண் பிடிக்க வேண்டுமே. வெயிலில் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே இதெல்லாம் நடக்கும். ஞாயிறு மாலை பரிசளிப்பு முடிந்து மற்றவர்கள் செல்ஃபி எடுக்கும்போது இவர் சாக்குத் தைத்துக்கொண்டிருப்பார். திங்கள்கிழமை காலை ஷிப்டுக்கு ஆள் இல்லை என்றால் சம்பளத்தில் பிடித்தம்.

'தொழில்முறை' என்றால் யார்?

இப்போது அந்த விலக்கு 09-க்குத் திரும்புவோம். அதில் கொக்கி 'தொழில்முறை' என்கிற வார்த்தையில்தான் இருக்கிறது.

டி.வி.எஸ். அணியின் ஹாரித் நோவா தொழில்முறை வீரர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கேரளத்தின் ஷொரணூர்க்காரர். நம்ம ஊர் சூப்பர்கிராஸில் பட்டங்கள் வாங்கி, டக்கார் ராலிக்குப் போய், 2024-ல் ஒட்டுமொத்தத்தில் 11-வதாக வந்ததோடு ராலி 2 பிரிவையும் வென்றவர். டக்காரை முடித்த முதல் இந்தியர் சி.எஸ்.சந்தோஷ், ஆண்டு 2015. அவரே 2021 ஜனவரியில் அதே ராலியில் விழுந்து, தலையில் அடிபட்டு, ரியாத் மருத்துவமனையில் செயற்கைக் கோமாவில் இருந்தார். அப்போது ஹீரோ அணி அவர் பின்னால் நின்றது. சம்பளம், ஒப்பந்தம், டாக்டர், மேனேஜர் எல்லாம் இருக்கிற உலகம் அது.

கைக்காசில் ஓட்டுகிறவர்? நுழைவுக் கட்டணம் தானே கட்டுகிறார். ஆனால் ஜெயித்தால் பரிசுப் பணம் வாங்குகிறார். டி-ஷர்ட்டில் லோக்கல் ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் ஸ்டிக்கர். க்ளெய்ம் வரும்போது இந்த ஸ்டிக்கரும் பரிசுப் பணமும் அவரைத் 'தொழில்முறை' ஆக்கிவிடக்கூடும். ஸ்பான்சர் தேடி ஒரு நிறுவனத்தின் வாசலில் நின்றாலோ, 'நீங்க பொழுதுபோக்குக்குத்தானே ஓட்டுறீங்க தம்பி?' மாட்டிக்கொள்கிற இடத்தில் தொழில், காசு கேட்கிற இடத்தில் பொழுதுபோக்கு.

ஆலையில் மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிற ஆபரேட்டருக்கு இ.எஸ்.ஐ. அட்டை உண்டு. மெஷினில் விரல் நசுங்கினால் சிகிச்சையும் உண்டு, ஊதியத்தில் ஒரு பகுதியும் உண்டு. அதே ஆள் வேலையை விட்டுவிட்டு ஏதோ ஒரு ரேஸ் டீமில் முழுநேர மெக்கானிக்காகச் சேர்ந்தால்? பேச்சு வார்த்தையில் சேர்ந்து பேச்சு வார்த்தையிலேயே முடிகிற வேலைக்கு எந்த அட்டை வரும்?

வெளிநாட்டில் எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 1978-ல் தொடங்கிய 'வேர்ல்டு ஆஃப் அவுட்லாஸ்' மண் தடக் கார் ரேஸ், ஆண்டுக்கு 80 இரவுகள் வரை மாநிலம் மாநிலமாகச் சுற்றுகிறது. டிரைவரும் மெக்கானிக்கும் ஆண்டில் பாதிக்கு மேல் லாரியிலேயே குடும்பம் நடத்துகிறார்கள். பைக்கில் அமெரிக்கன் ஃபிளாட் டிராக் என்று ஒன்று. முட்டை வடிவ மண் தடத்தில் இடப்பக்கமாகவே சறுக்கிச் சறுக்கித் திரும்புவார்கள், இடது பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு கட்டிக்கொண்டு. ராயல் என்ஃபீல்டின் 650 சி.சி. இன்ஜின் 2020-லிருந்து அங்கேயும் ஓடியிருக்கிறது. இத்தனை பணம் புரளும் நாட்டிலும், அடிபட்ட மோட்டோகிராஸ் வீரர்களுக்குப் பணம் திரட்ட 'ரோடு டு ரெக்கவரி' என்றொரு அறக்கட்டளை தேவைப்படுகிறது. அங்கேயும் கடைசியில் உண்டியல்தான். ஆனால் அந்த உண்டியலாவது நிரந்தரமாக, பெயர் சொல்லி வைக்கப்பட்டிருக்கிறது. இங்கே வாட்ஸ்அப் குரூப்பில் க்யூ.ஆர். கோடு சுற்றும், நாலு நாளில் அடங்கிவிடும்.

'அப்போ ஓட்டாமலே இருக்கட்டுமே'

வீட்டில் அம்மா சொல்வது இதுதான், தப்பும் இல்லை. 2023-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் மட்டும் இரண்டு உயிர்கள் போயின. ஜனவரியில் 59 வயது அனுபவசாலியான கார் ரேசர், ஆகஸ்டில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயது பைக் ரேசர். விதிகளும் டாக்டரும் ஆம்புலன்ஸும் இருக்கிற தடத்திலேயே இந்த நிலை.

ஆனால் தடம் இல்லாவிட்டால் அந்த வேகம் எங்கே போகும் என்பதையும் பார்க்க வேண்டும். அதே 2023 செப்டம்பரில், காஞ்சிபுரம் அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு யூடியூபர் முன் சக்கரத்தைத் தூக்கப்போய் விழுந்தார். பத்தாண்டுகளுக்கு அவர் லைசென்ஸ் போனது. மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி, அனுமதியில்லாமல் பொதுச் சாலையில் ரேஸ் விட்டால் முதல் முறை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் பிடிப்பது ஒரு பக்கம் நடக்கட்டும். லைசென்ஸ் எடுத்து, காப்பு மாட்டி, ஸ்க்ரூட்டினியில் நின்று, வேலி போட்ட மண்ணில் ஓட்டுகிறவனுக்கும் சாலையில் சாகசம் செய்கிறவனுக்கும் ஒரே பதில் சொன்னால், இரண்டாமவன்தான் பெருகுவான். அவனுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை.

சீரிஸ் நடத்துகிறவர்களும், மண் தெறிக்கிற வீடியோவில் தங்கள் லோகோவைக் காட்டி விற்கிற வண்டி, டயர் நிறுவனங்களும் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. சீசன் முழுவதற்கும் ஒரே குழுக் காப்பீடு; அதில் ரைடரோடு மெக்கானிக்கின் பெயரும். ரேஸ் நேரம் மட்டும் அல்ல, பயிற்சி ஓட்டமும், ஊர் விட்டு ஊர் போகிற பயண நாளும் அதில் அடங்க வேண்டும். ஒரு ஸ்டேடியத்துக்குள் மண் கொட்டி அள்ளுகிற செலவை யோசித்தால் இந்த பிரீமியம் எந்த மூலைக்கு? சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024-ல் இரவு நேரத் தெரு ரேஸ் நடக்கத் துணை நின்ற மாநில அரசும், அனுமதி கொடுக்கும்போது இதை ஒரு நிபந்தனையாக எழுதலாம். எழுத ஒரு வரி போதும்.

அதுவரை, அடுத்த ரவுண்டுக்குப் பெயர் கொடுக்கப் போகிறவர்கள் அந்தத் தாளில் கையெழுத்து போடும் முன் அமைப்பாளரிடம் நாலு கேள்வி கேளுங்க. விபத்துக் காப்பீடு எவ்வளவு ரூபாய்க்கு? பயிற்சி நாளுக்கும் உண்டா? என் கூட வருகிற மெக்கானிக் பெயர் எங்கே? பாலிசி நகல் கிடைக்குமா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்க. வாயால் சொன்னது க்ளெய்ம் நேரத்தில் நிற்காது.