இரண்டு சதவீத மோகம்

செப்டம்பர் வந்தால் போதும், தமிழகத்துக் கல்லூரி வாசல்களில் ‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்’ என்று ஃப்ளெக்ஸ் பலகைகள் முளைத்துவிடுகின்றன. ‘ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் தேர்வு செய்தது’ என்ற வரியும் பெரும்பாலும் இருக்கும். அங்கே எந்தக் குழுவும் கூடி யாருடைய ஆய்வையும் படித்துப் பார்க்கவில்லை. அப்பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அயோனிடிஸும் சகாக்களும், ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளமான ஸ்கோபஸிலிருந்து கணக்கிட்டுத் தரும் பட்டியல் அது. வாழ்நாள் பணிக்கு ஒரு பட்டியல், ஒரே ஆண்டில் கிடைத்த மேற்கோள்களுக்கு இன்னொன்று. பலகையில் இருப்பது எதுவென்று யாரும் சொல்வதில்லை. விளம்பரத்தோடு நின்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால், கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசையிலும் மேற்கோளுக்கு மதிப்பெண் உண்டென்பதால், நியமனமும் பதவி உயர்வும் அதையே சுற்றுகின்றன. 2025 தரவரிசையில், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கத் தொடங்கினார்கள். மோசடிக்குத் தூண்டும் எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, மாட்டிக்கொண்டவருக்கு மட்டும் அபராதம்!

மேற்கோள் எதை அளக்கிறது என்பதற்கு நோயெதிர்ப்பியலைவிட நல்ல சாட்சி இல்லை. ‘லான்செட்’ இதழில் வந்த இரண்டு கட்டுரைகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, 1961 செப்டம்பரில் ஜாக் மில்லர் எழுதியது. பிறந்த கையோடு சுண்டெலிக் குட்டிகளின் தைமஸ் சுரப்பியை அவர் அகற்றினார். அவற்றுக்கு லிம்போசைட் அணுக்கள் குறைந்தன, தொற்றுகளில் மடிந்தன. வேறு இன எலியின் தோலை ஒட்டியபோது அது உதிரவில்லை. அந்நியத் தோலில் ரோமம்கூடச் செழித்து வளர்ந்தது. பயனற்றதென்று பலரும் ஒதுக்கிய சுரப்பிதான் உடலின் காவல் படையை உருவாக்குகிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடாவரே, தைமஸில் லிம்போசைட்டுகள் இருப்பது பரிணாமத்தின் தற்செயல் என்று 1963-இல்கூடக் கருத்துச் சொன்னார். இன்று டி செல் என்கிறோமே, அந்த ‘டி’ தைமஸைக் குறிப்பது. புற்றுநோய்க்கான கார்-டி சிகிச்சை வரை எல்லாம் அதன்மேல் நிற்கின்றன. ஆனால், இன்று டி செல் பற்றி எழுதுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மில்லரின் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுவதில்லை. பாடப்புத்தகத்தில் கரைந்துவிட்டதை யார் குறிப்பிடப் போகிறார்கள்?

இரண்டாவது, 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் கூட்டாளிகளும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது. எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட அந்தக் கட்டுரையை ‘லான்செட்’ 2010-இல் திரும்பப் பெற்றது. அதைக் குறிப்பிட்டவர்களை 2019-இல் ஓர் ஆய்வுக் குழு எண்ணிப் பார்த்தது: 1,153 படைப்புகள். அவற்றில் 838, அதாவது நூற்றுக்கு எழுபத்திரண்டுக்கும் மேல், அதைக் கண்டித்தோ மறுத்தோ எழுதியவை. எண்ணும் இயந்திரத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. ‘இது பொய்’ என்று ஒருவர் எழுதினாலும் கணக்கில் ஒன்று கூடும். 838 பேர் காறித் துப்பியதையும் கைதட்டலாக வரவு வைக்கும் கணக்கு இது. இதை வைத்தா ஒருவருக்குப் பேராசிரியர் பதவி தருவது? கட்டுரைக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் என்று கணக்கிட்டு இதழ்களை எடைபோடும் தாக்கக் காரணியும் இதே லட்சணம்தான். ‘லான்செட்’டுக்கு 2020-இல் அது 79, மறு ஆண்டே 202. ஒரே ஆண்டில் ஆசிரியர் குழுவின் அறிவு இரண்டரை மடங்கு பெருகிவிடவில்லை. கொரோனா வந்தது, அவ்வளவுதான்.

எச்-குறியீட்டின் கதை இதைவிட விசித்திரம். 2005-இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்தது அது. தலா பத்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் பத்து இருந்தால் ஒருவருடைய குறியீடு பத்து. ஐந்தே கட்டுரை எழுதியவர் உலகத்தையே புரட்டிப் போட்டிருந்தாலும் அவருடைய குறியீடு ஐந்தைத் தாண்டாது. அதே 2005-இல்தான் கட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும், மாற்றியமைத்த எம்ஆர்என்ஏ உடலின் எதிர்ப்பைத் தூண்டாமல் தப்புவதை ‘இம்யூனிட்டி’ இதழில் எழுதினார்கள். அதற்காக 2023-இல் நோபல் கிடைத்தது. கரிக்கோவை அவருடைய பல்கலைக்கழகம் 1995-லேயே பதவியிறக்கம் செய்திருந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் கொண்டுவரவில்லை என்பதுதான் குறை. அங்கே மானியத்தை எண்ணினார்கள், இங்கே மேற்கோளை எண்ணுகிறோம். ஆய்வைப் படிக்காமல் ஆளை எடைபோடும் புத்தி ஒன்றுதான்.

எண் இல்லாவிட்டால் சாதியும் சிபாரிசும் பணமும் புகுந்துவிடும் என்பார்கள். இப்போது மட்டும் என்ன வாழ்கிறதாம்? மேற்கோளே விலைக்குக் கிடைக்கும் காலத்தில் பணம் வாசலை மாற்றிக்கொண்டது, வெளியேறவில்லை. சுய மேற்கோளைக் கழித்துவிட்டும், துறைவாரியாகப் பிரித்தும் கணக்கிடுகிறார்களே என்பது இன்னொரு வாதம். நீ என்னைக் குறிப்பிடு, நான் உன்னைக் குறிப்பிடுகிறேன் என்று பத்துப் பேர் கைகோத்தால் அந்தக் கழித்தல் என்ன செய்யும்? தாக்கக் காரணியைக் கொண்டு ஆய்வாளரை மதிப்பிடாதீர்கள் என்ற சான்ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் 2012-லேயே உருவானது. நம் துணைவேந்தர்களுக்கு அந்தத் தபால் இன்னும் வந்து சேரவில்லை போலும்.

பல்கலைக்கழக மானியக் குழுவும் தமிழக உயர்கல்வித் துறையும் மேற்கோள் எண்ணிக்கை, எச்-குறியீடு, தாக்கக் காரணி மூன்றுக்கும் நியமனத்திலும் பதவி உயர்விலும் தடை விதிக்க வேண்டும். விண்ணப்பதாரர் தன் சிறந்த கட்டுரைகள் மூன்றைத் தரட்டும்; தேர்வுக் குழுவினர் அவற்றைப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்கட்டும். படிக்க நேரமில்லாதவர்களுக்கு அந்தக் குழுவில் நாற்காலி எதற்கு?