பழைய கணினிகளுக்கு வலை வீசுவோர்

வாசிகசாலை ஒன்றின் நிர்வாகிகள் அண்மையில் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தனர். நலன்விரும்பிகள் அன்பளித்த எட்டுப் பழைய கணினிகள் அங்கே இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று இணைக்க வழி கேட்டு விற்பனையாளர் ஒருவரை அணுகினராம். "இவற்றை எறிந்துவிட்டுப் புதியன வாங்குங்கள்; இல்லையேல் எல்லாவற்றுக்கும் வைஃபை போடுங்கள்" என்பது அவர் வழங்கிய தீர்ப்பு. இரண்டுமே அவருடைய கல்லாப்பெட்டிக்கு உகந்தவை. வாசிகசாலைக்கு உகந்தவை அல்ல.

கம்பியின் குறைகளை அறியாமல் நான் பேசவில்லை. 1990களில் நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகத்தில் கணினிகள் அனைத்தையும் ஒரே கோஆக்சியல் கம்பியில் கோத்திருந்தனர். எவரேனும் நாற்காலியை நகர்த்தும்போது ஓர் இணைப்புக் கழன்றால் போதும், ஆசிரியபீடம் முழுவதும் முடங்கிவிடும். பக்கங்கள் அச்சுக்குப் போகவேண்டிய நள்ளிரவில், கழன்ற முனையைத் தேடி மேசைகளின் அடியில் தவழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் அந்த நோய்க்கு மருந்து 1990 இலேயே தரப்படுத்தப்பட்டுவிட்டது. அதுதான் முறுக்கிய சோடிக் கம்பியில் இயங்கும் ஈதர்நெட். இன்று அதற்கு நடுவில் ஒரு சுவிட்ச் போதும்; அதிலிருந்து ஒவ்வொரு கணினிக்கும் 100 மீற்றர் வரை தனிக்கம்பி இழுக்கலாம். ஒரு கம்பி அறுந்தால் ஒரு கணினி மட்டுமே துண்டிக்கப்படும். இன்று கடையில் வாங்கும் சாதாரண சுவிட்ச், இருபது ஆண்டுப் பழைமையான 100 மெகாபிட் அட்டையுடனும் தானாகவே வேகத்தை ஒத்துக்கொண்டு இயங்கும். அக்காலக் கணினிகள் பெரும்பாலானவற்றில் அந்த அட்டை உள்ளேயே இருக்கிறது. வாங்கவேண்டியவை சுவிட்சும் கம்பியும் மட்டுமே.

வைஃபையின் கதை வேறு. 1999 இல் வந்த 802.11பி தரத்தின் வேகம் ஏட்டளவில் 11 மெகாபிட். அதையும் எல்லாக் கணினிகளும் பங்கிடவேண்டும். அக்கால அட்டைகள் பலவற்றுக்குத் தெரிந்த ஒரே பூட்டு 'வெப்'. அதன் பலவீனம் 2001 இலேயே அம்பலமானது. புதிய அட்டை வாங்கினாலோ, பழைய இயங்குதளத்துக்குரிய டிரைவர் கிடைப்பது அரிது.

"பழைய கணினி பாதுகாப்பற்றது" என்பார்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது உண்மை. 2017 மே மாதத்தில் வானாகிரை என்ற தீநிரல், கோப்புப் பகிர்வின் ஓட்டையால் உள்ளக வலையமைப்புகளுக்குள் கணினிக்குக் கணினி தாவியதும் உண்மை. அதற்குத் தீர்வு குப்பைத்தொட்டி அன்று. எக்ஸ்பியை அகற்றி, இன்றும் பராமரிக்கப்படும் எடைகுறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவுங்கள். அது முடியாதெனில் அந்த வலையமைப்பை இணையத்துடன் இணைக்காதீர்கள். கண்ட கண்ட பென் டிரைவ்களையும் செருகவிடாதீர்கள்.

ஒரு சிறுமி தட்டச்சுப் பழகவும், ஒரு மாணவன் கட்டுரையைச் சேமிக்கவும், எட்டுப்பேர் ஓர் அச்சுப்பொறியைப் பகிரவும் அந்தக் கணினிகள் தாராளமாகப் போதும். விற்பனையாளரிடம் இழக்கவிருந்த பணத்தில் புத்தகங்கள் வாங்குங்கள். அது வாசிகசாலை அல்லவா?