ஊர்ப்பெயர்க்கு உரியவர் ஊராரே!

மாவட்ட எல்லையை அரசு வரையும், அழிக்கும். 1997-இல் செங்கற்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிக்கப்பட, மாவட்டப் பட்டியலினின்று அப்பெயர் மறைந்தது, 2019-இல் மீண்டது. இடைப்பட்ட 22 ஆண்டுகளும் ஊர், மக்கள் நாவில் செங்கற்பட்டாகவே வாழ்ந்தது.

ஆயின் ஏடு திரியின் நாளடைவில் நாவும் திரியும். பல்லவன் மாமல்லன் பெயர்தாங்கிய மாமல்லபுரம், யுனெசுகோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் 1984 முதல் இன்றுவரை மகாபலிபுரமே! தமிழருள்ளும் பலர் அவ்வாறே வழங்குகின்றனர். 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழொலிப்புக்கேற்பத் திருத்திய 2020-ஆம் ஆண்டு அரசாணையோ, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

ஊராரையும் மொழியறிஞரையும் கலந்து அதனை மீண்டும் கொணர்தல் அரசின் கடன். கடைப்பலகையிலும் மடலிலும் அழைப்பிதழிலும் மாமல்லபுரம் என்றே எழுதுதல் தமிழரின் கடன். மக்கள் வழங்காத பெயரை எவ்வாணையும் காவாது!