வாம்பயர் கப்பலும் 1815 என்ற எல்லைக்கோடும்

எச்.எம்.ஏ.எஸ். வாம்பயர் 1917இல் இங்கிலாந்தின் கௌஸ் துறையில் கட்டப்பட்ட நாசகாரிக் கப்பல். 1933இல் அது ஆஸ்திரேலியக் கடற்படைக்குக் கைமாறியது. ஜெர்மன் பிரசாரம் ‘பழைய இரும்பு’ என்று எள்ளிய ஐந்து நாசகாரிகளுள் ஒன்றாக 1940, 1941ஆம் ஆண்டுகளில் மத்தியதரைக் கடலில் பணியாற்றியது. 1941 டிசம்பர் 10இல் பிரித்தானியப் போர்க்கப்பல்களான ரிபல்ஸ், பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ் ஆகியன மலாயாவுக்கு அப்பால் மூழ்கியபோது 225 பேரைக் காப்பாற்றியது. 1942 ஜனவரியில் மலாயாவின் எண்டாவில் உடன்சென்ற தனற் நாசகாரி அழிய, வாம்பயர் தப்பியது.

அவ்வாண்டு ஏப்ரல் 8 இரவு, விமானங்களைத் தரையில் விட்டுவந்த ஹெர்மிஸ் விமானந்தாங்கிக்குக் காவலாக வாம்பயர் திருகோணமலையிலிருந்து புறப்பட்டது. மறுநாள் மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் குண்டுவீச்சு விமானங்கள் முதலில் ஹெர்மிஸை வீழ்த்தின. அதில் 300க்கு மேற்பட்டோர் இறந்தனர். அடுத்து வாம்பயர் இரண்டாக உடைந்தது; தளபதி மோரனும் மாலுமிகள் சிலரும் மாண்டனர். ஏறத்தாழ 600 பேரை வீட்டா மருத்துவக் கப்பல் மீட்டது.

இந்தச் சிதைவுக்கு எந்தச் சட்டம் காவல்? ஆஸ்திரேலியாவில் 2019 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள நீரடிப் பண்பாட்டு மரபுரிமைச் சட்டம் 75 ஆண்டு கடந்த சிதைவுகளைத் தன் கடற்பரப்பில் தானாகவே காக்கிறது. யுனெஸ்கோவின் 2001 சாசனம் நீருக்கடியில் 100 ஆண்டு கேட்கிறது. கப்பலுக்கு நூறு வயது எப்போதோ கடந்துவிட்டது. ஆயினும் அச்சாசனக் கணக்கில் வாம்பயர் 2042 வரை காத்திருக்க வேண்டும். பழைய இரும்பு வணிகம் அதுவரை பொறுக்காது. வாம்பயர் ஆட்களை மீட்ட அதே ரிபல்ஸ், பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ் சிதைவுகளைச் சூறையாடியதாக 2023 மே மாதத்தில் ஒரு சீனக் கப்பலை மலேசியா தடுத்துவைத்தது.

இலங்கையின் நிலை இன்னும் பின்தங்கியது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லையாக்கியது; பிந்தியவை அமைச்சரின் வர்த்தமானி அறிவித்தலை நம்பி நிற்பவை. அந்தக் கோடு விலக்கியது போர்க்கப்பலை மட்டுமல்ல. கோப்பித் தோட்டங்கள், 1867இல் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலை, ஹட்டன், நுவரெலியா லயங்கள் எனும் தொழிலாளர் வரிசை வீடுகள், காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக் களங்கள், செக்ரோல்கள் எனும் வருகைப் பதிவேடுகள் என மலையகத்தின் தோட்ட வரலாறு முழுவதும் அந்தத் திகதிக்குப் பிந்தியதே. கந்தப்பளை ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை தப்பியது, சுற்றுலா விடுதியாக மாறியதால். லயத்துக்கு அந்த வாய்ப்பு ஏது?

கடலுக்கடியிலும் இதே பாகுபாடுதான். 1864இல் தோட்டத் தொழிலாளரை ஏற்றிவந்த ஆதிலட்சுமி என்ற கப்பல் மூழ்கியது. யுனெஸ்கோ அளவுகோலின்படி அது தகுதிபெற்றுப் பல பத்தாண்டுகள் ஆயின. 1815 கோட்டின்படியோ அதற்கு மதிப்பில்லை. வாம்பயரில் மாண்டோரின் பெயர்கள் கன்பராப் போர் நினைவகப் பட்டியலில் உள்ளன. ஆதிலட்சுமியில் போனவர்களின் பெயர்களைத் திரட்டும் கடமையைச் சட்டம் எந்தத் திணைக்களத்தின் மீதும் சுமத்தவில்லை. ஏற்றுமதிப் பெட்டிகளை எண்ணத் தெரிந்த அரசுகளுக்கு அவற்றை நிரப்பிய கைகளின் வரலாற்றை எண்ணும் பொறுமை இருந்ததில்லை.

திருத்தம் எளிது. 1815 கோட்டை நீக்கி, ஆண்டுதோறும் முன்னகரும் 75 ஆண்டு விதியை வைக்கலாம். மட்டக்களப்புக் கடலில் சிதைவுகளைப் பதிவதும், லயங்களை இடிக்குமுன் அளந்து படமெடுப்பதும், செக்ரோல்களைச் சுவடிக்கூடம் பொறுப்பேற்பதும் அந்த ஒரே விதிக்குள் அடங்கும். தோட்ட மக்களுக்குப் புதிய வீடு வேண்டும். பதிவின்றி இடிப்பதற்கு அது காரணமாகாது. சட்டம் மாறும்வரை களத்தில் இருப்போர் இந்தப் பதிவைத் தாமே தொடங்க வேண்டும்.