பெட்டிக்குள்ளே இருக்கிற வாட்ச் யாருக்கு?

இந்தப் பதிவைப் படிச்சுட்டு சிலருக்குக் கோபம் வரலாம். வந்தா வரட்டும்.

ஆலயத் தொண்டர்களான எங்ககிட்ட அடிக்கடி ஒரு சின்னப் பெட்டி வந்து சேருது. கருமக்கிரியை எல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு, பிள்ளைங்க கவுண்டருக்கு வருவாங்க. "அப்பாவோட வாட்ச், புதுசு மாதிரியே இருக்கு, கோயிலுக்குக் கொடுத்துடலாமா?" திறந்து பார்த்தா கண்ணாடி மேல ஒட்டின பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கலை. தோட்டத்துலயோ துறைமுகத்துலயோ 25 வருஷம் உழைச்சதுக்குக் கொடுத்த வாட்ச். பின்பக்கம் பேரும் வருஷமும் பொறிச்சிருக்கும். அந்த ஐயா அதை ஒரு நாள்கூடக் கட்டினதில்லை. மகள் கல்யாணத்துக்கும் பசார் மாலாம்ல வாங்கின முப்பது வெள்ளி வாட்சோடதான் நின்னார். இப்ப அதைச் சாமிக்குச் சாத்த முடியுமா? நாங்க என்னதான் செய்யறது?

கேட்டா எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணுதான்: "நல்ல நாள் வரும்போது கட்டலாம்னு வச்சிருந்தார்."

கோயில்லயும் நல்ல நாளுக்குன்னு பூட்டி வைக்கிற பொருள் உண்டு. வெள்ளிக் கவசத்தைத் தினமும் சாத்துறதில்லை, ஒத்துக்கிறோம். ஆனா அதுக்குப் பஞ்சாங்கத்துல தேதி இருக்கு. அந்தத் தேதி வந்தா பூட்டு திறக்கும். பினாங்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார்களோட வெள்ளி ரதம் 1894-ஆம் வருஷத்தது. இன்னிக்கும் தைப்பூசத்துக்குத் தெருவுல வருது, தேங்காய் உடையுது, ஜனங்க தொட்டுக் கும்பிடறாங்க. கீறல் விழும்னு யாராவது அதைக் கொட்டகையிலேயே வச்சாங்களா? உங்க வாட்சுக்கு எந்தத் தேதி குறிச்சு வச்சிருக்கீங்க?

அடுத்து, "கட்டினா பந்தா காட்டுற மாதிரி இருக்கும், கண்ணு படும்." அண்ணே, அடக்கம்னா அவ்வளவு விலை கொடுத்து வாங்காமலே இருந்திருக்கலாம். வாங்கி, பேங்க் லாக்கருக்கும் வருஷா வருஷம் வாடகை கட்டறதுல என்ன அடக்கம் இருக்கு? உழைப்புக்குக் கிடைச்சதைக் கையில கட்டறது பந்தாவே இல்லை. பந்தா காட்டறவங்க இருக்காங்க, தீபாராதனை நேரத்துல சட்டைக் கையை மேல இழுத்து விடறவங்க. அவங்களைப் பார்த்து நீங்க ஏன் கூச்சப்படணும்?

"கட்டினா கெட்டுப் போயிடும்"னு சொல்றதுதான் எங்களுக்குப் பொறுக்கலை. 1963-ல வந்த சீக்கோ 5 மாதிரி ஆட்டோமேட்டிக் வாட்சுக்குள்ள அரைவட்டமா ஒரு எடை இருக்கு. கை அசைய அசைய அது சுத்தி ஸ்பிரிங்கை முறுக்கும். கழட்டி வச்சா ரெண்டு நாள் போல ஓடும், அப்புறம் நின்னுடும். பெட்டிக்குள்ள இருந்தாலும் வருஷக் கணக்குல எண்ணெய் வறண்டு கெட்டியாகும். பேட்டரி வாட்ச் இன்னும் மோசம். தீர்ந்துபோன பேட்டரியை உள்ளேயே விட்டா கசிஞ்சு, உள்ளே இருக்கிறதையெல்லாம் அரிச்சிடும். நம்ம ஊர் ஈரத்துக்குத் தோல் பட்டையில பூசணம் பூக்கும். (உச்சிகால பூஜைக்குப் பத்து நிமிஷம் லேட்டா வர்ற வீடுகள்லதான் நல்ல வாட்ச் நிறைய இருக்குன்னு எங்களுக்கு ஒரு சந்தேகம். அது தனிக் கதை.)

வழிப்பறி பயம் நியாயம்தான். தைப்பூசக் கூட்டத்துல கட்ட வேண்டாம், பத்துமலைப் படியில கட்ட வேண்டாம். அதுக்காக 365 நாளும் பயமா?

கட்டப் பிடிக்கலைன்னா கண்ணு முழிச்சிருக்கும்போதே கொடுங்க. வேலைக்குப் போக ஆரம்பிச்ச பேரன் இருப்பான், பேத்தி இருப்பா. உங்க கையாலேயே கட்டி விடுங்க. எந்த வருஷம், எந்த வேலைக்குக் கிடைச்சதுன்னு வாயால சொல்லிக் கொடுங்க. கவுண்டருக்கு வர்ற பிள்ளைங்களை நாங்க கேக்கிறோம், "எதுக்குக் கொடுத்தாங்க?" பாதிப் பேருக்குத் தெரியலை. பின்னாடி பொறிச்சிருக்கிற வருஷத்தைப் பார்த்து, அப்பாவுக்கு அப்ப என்ன வயசுன்னு கவுண்டர்லயே நின்னு விரல்ல எண்ணறாங்க.

வர்ற வெள்ளிக்கிழமை சாயரட்சைக்கு அந்த வாட்சைக் கட்டிட்டு வாங்க. ஓடலைன்னாலும் பரவாயில்லை, ஞாயித்துக்கிழமை கடைக்குக் கொண்டு போகலாம். மடப்பள்ளிப் பக்கம் வரும்போது மட்டும் கழட்டிப் பாக்கெட்ல போட்டுக்குங்க. அண்டா கழுவ ஆள் பத்தலை.