பயோடேட்டாவில் மட்டும் இருக்கும் எம்.எஸ். ஆபீஸ்

எக்செல் கட்டத்துக்குள் 3/4 என்று கதவு எண்ணை அடித்து என்டர் தட்டினால், இந்தியத் தேதி முறையில் அமைந்த கணினியில் அது ஏப்ரல் 3 ஆகிவிடும். 12 இலக்க ஆதார் எண்ணை இடைவெளி இல்லாமல் அடித்தால், புள்ளியும் கூட்டல் குறியும் கலந்த ஏதோ ஒரு குறியீடு வந்து நிற்கும். இவையாவது கண்ணில் பட்டுவிடும். எண் வடிவத்துக்கு மாற்றிய கட்டத்தில் அடிக்கும் 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கதை அப்படியல்ல. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே சரியாக வைத்துக்கொள்ளும். பதினாறாவது இலக்கம் எதுவாக இருந்தாலும் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். பணம் போய்ச் சேரவில்லை என்று யாராவது வந்து கேட்கும்வரை அது யாருக்கும் தெரியாது.

தீர்வு ஒன்றும் பெரிய வித்தையல்ல. அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டால் போதும். கதவு எண், கைபேசி எண், கணக்கு எண் எல்லாம் பார்க்கத்தான் எண்கள். அவற்றை யாரும் கூட்டுவதும் இல்லை, பெருக்குவதும் இல்லை. எது கணக்குக்குரிய எண், எது வெறும் அடையாளம் என்று கணினிக்குத் தானாகத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது உட்கார்ந்து அடிப்பவர்தான். ‘எம்.எஸ். ஆபீஸ் தெரியும்’ என்று பயோடேட்டாவில் எழுதுகிறவர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம் இது. பெரும்பாலான பயிற்சி மையங்களில் இது கடைசிப் பாடமாகக்கூட இருப்பதில்லை.

இதில் இடறி விழுந்தவர்கள் கற்றுக்குட்டிகள் மட்டுமல்ல. மார்ச், செப்ட் என்று தொடங்கும் மரபணுப் பெயர்களை எக்செல் தேதிகளாக மாற்றி ஆய்வுக் கட்டுரைகளைக் கெடுத்ததால், 2020இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டிய நிலை வந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 15,841 கொரோனா தொற்றாளர்களைத் தினசரிக் கணக்கில் தவறவிட்டது அக்டோபரில் தெரியவந்தது. காரணம், பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை, மிஞ்சியவை விழுந்துபோயின. புதிய வடிவத்தில் பத்து லட்சத்துக்கும் அதிகமான வரிசைகள் கொள்ளும் என்பது அங்கே யாருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. கோப்பை எந்த வடிவத்தில் சேமிக்கிறோம் என்பதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் அலுவலக மென்பொருள் தட்டச்சுப் பயிலகங்களின் வழியாகத்தான் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. தட்டச்சில் லோயர், ஹையர் தேர்வுகளில் தேறியவர்கள் அடுத்து எழுதுவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ‘கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்’ சான்றிதழ்த் தேர்வை. திரையைப் பார்த்தபடியே கடகடவென்று அடிக்கும் கைகள் இந்த மாநிலத்தில் ஏராளம். அந்தப் பெருமையை யாரும் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் தட்டச்சுப் பொறியின் பழக்கங்களும் அந்தக் கைகளோடு கணினிக்குள் குடியேறிவிட்டன.

சந்தேகம் இருந்தால், அலுவலகத்தில் கைக்குக் கிடைக்கும் ஏதாவது ஒரு வேர்டு கோப்பைத் திறந்து, ஹோம் பட்டையில் ஆங்கில ‘பி’யைத் திருப்பிப் போட்டது போலிருக்கும் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். மறைந்திருந்ததெல்லாம் வெளியே வரும். தலைப்பை நடுவில் நிறுத்த அதற்கு முன்னால் வரிசையாக முப்பது புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒருமுறை தட்டிய ஸ்பேஸ்பார். அடுத்த பக்கத்துக்குப் போக ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினைந்து என்டர்கள். மேலதிகாரி நடுவில் ஒரு வரி சேர்க்கச் சொன்னால் போதும், கையொப்பம் இடுமிடம் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். நடுவில் நிறுத்த கண்ட்ரோலும் இ-யும், புதுப் பக்கத்துக்கு கண்ட்ரோலும் என்டரும் போதும். தலைப்புகளுக்கு ‘ஹெடிங்’ ஸ்டைலைக் கொடுத்திருந்தால் நூறு பக்க அறிக்கைக்கும் பொருளடக்கம் தானாக வந்து விழும். பொருளடக்கத்தைக் கையால் அடித்து, பக்க எண் மாறும்போதெல்லாம் திருத்திக்கொண்டிருக்கும் ஆய்வு மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எக்செல்லில் இந்தப் பழக்கம் இன்னும் விபரீதமாகிறது. மேசையில் கால்குலேட்டரை வைத்துக் கூட்டி, வந்த தொகையைக் கட்டத்தில் அடிக்கும் காட்சியைப் பல அலுவலகங்களில் பார்க்கலாம். 1979இல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்காக ‘விசிகால்க்’ என்ற, தனிநபர் கணினிகளுக்கான முதல் மின் கணக்குத்தாளை உருவாக்கியதன் நோக்கமே, ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களும் தாமாக மாற வேண்டும் என்பதுதான். தொகையைக் கையால் அடித்த அந்த நொடியில் நாற்பது ஆண்டுக்கும் மேலான இந்தக் கண்டுபிடிப்பு வெறும் கோடு போட்ட காகிதமாகிவிடுகிறது.

பெயர்ப் பட்டியலில் நமக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘எஸ். முருகன்’, ‘முருகன் எஸ்’, ‘முருகன்.எஸ்’ மூன்றும் நமக்கு ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். முன்னெழுத்துக்குத் தனிப் பத்தி, பெயருக்குத் தனிப் பத்தி, ஓர் ஆளுக்கு ஒரு வரிசை என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தால் அகர வரிசைப்படுத்துவதும் இரட்டைப் பதிவைக் களைவதும் சில நொடி வேலை. அழகுக்காகக் கட்டங்களை ‘மெர்ஜ்’ செய்து வைத்த பட்டியலில் அது எளிதில் நடக்காது.

எழுத்துரு விவகாரத்தைத் தமிழர்களுக்கு விளக்கவே வேண்டாம். பாமினியில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ‘தமிழ்’ என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். பாமினி ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டியதே தவிர, கோப்புக்குள் தமிழ் இருந்ததில்லை. அதனால்தான் அதில் தமிழில் தேடவும் முடியாது. தமிழைத் தமிழாகவே கோப்பில் பதியும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏற்று ஆணையிட்டது 2010இல். தமிழ்99 விசைப்பலகை இப்போது விண்டோஸிலேயே சேர்ந்து வருகிறது. இதற்குப் பிறகும் புதிதாக வரும் பிள்ளைக்குப் பழைய எழுத்துருவில் பழக்குவது அநியாயம்.

‘ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவு எதற்கு, முதலில் பொத்தான்களைத் தெரிந்துகொள்ளட்டும்’ என்று பயிற்றுநர்கள் சொல்வதுண்டு. பொத்தான்கள் பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறுகின்றன. 2007இல் மைக்ரோசாஃப்ட் பழைய மெனுக்களை எடுத்துவிட்டு ‘ரிப்பன்’ என்ற பொத்தான் பட்டையைக் கொண்டுவந்தபோது, மெனுவை மனப்பாடம் செய்தவர்கள் திகைத்து நின்றார்கள். ஸ்டைல் என்றால் என்ன, ஃபார்முலா என்றால் என்ன என்று புரிந்தவர்கள் அவை எங்கே போயின என்று தேடிக்கொண்டார்கள். லிப்ரே ஆபீஸ், கூகுள் டாக்ஸ் என்று எங்கே போனாலும் அந்தப் புரிதல் கூடவே வரும். லிப்ரே ஆபீஸ் முற்றிலும் இலவசம். தமிழ் இடைமுகமும் உண்டு. திருட்டுப் பதிப்பில் பயிற்சி கொடுத்துவிட்டுச் சான்றிதழுக்குப் பணம் வாங்கும் மையங்களுக்கு இது ஏனோ கண்ணில் படுவதில்லை.

பவர்பாயின்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பறந்து வரும் எழுத்துகளைக் கற்பிக்கச் செலவிடும் நேரத்தை மெயில் மெர்ஜுக்குக் கொடுத்திருக்கலாம். பள்ளி அலுவலகம் ஒன்றில் முந்நூறு பெற்றோருக்குப் பெயரும் பாக்கித் தொகையும் மாற்றி மாற்றிக் கடிதம் அடிப்பது ஒரு நாள் வேலை. பட்டியல் எக்செல்லில் ஒழுங்காக இருந்தால், ஒரே கடிதத்தை அதனுடன் இணைத்து முந்நூறையும் ஒரு மணி நேரத்துக்குள் அச்சுக்கு அனுப்பிவிடலாம். சம்பளம் கொடுப்பவருக்கு இந்த வித்தியாசம் உடனே புரியும்.

விடுமுறையில் பிள்ளைகளைக் கணினி வகுப்பில் சேர்க்கப்போகும் பெற்றோர் கட்டணத்தைக் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேட்கலாம்: ஸ்டைல் சொல்லிக்கொடுப்பீர்களா? மெயில் மெர்ஜ் உண்டா? தமிழ் யூனிகோடில்தானா? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் வேறு மையம் பாருங்கள்.